நாலு கம்பிதானே என்று சொல்லாதீர்கள்!

இந்தப் பகுதியில் வழக்கமாக மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, சிக்கனம் பற்றித்தான் தோழிகள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஒரு வாத்தியத்தைப் பற்றி. ‘வீட்டில் இருப்பவளுக்கு பேஸ் கிடார் எதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாமியாரும் வருகிறார், சிக்கனமும் வருகிறது. கடைசிவரை படியுங்கள்.

எனக்கு வயது 37. படித்தது பத்தாம் வகுப்பு. பிறந்த ஊர் திருச்சி, வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல். என் தாய்மாமா மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். அவர் மடியில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். ‘மூடுபனி’ (1980) படத்தில் கிடாரோடு ஒரு பாட்டு வருமே, அதை முழுசாக வாசித்துக் காட்டியபோது எனக்குப் பதினான்கு வயது. கல்யாணத்துக்குச் சீராக பீரோ, கட்டிலோடு அந்தக் கிடாரும் வந்தது. பீரோ அறைக்குள் போனது, கிடார் பரணுக்குப் போனது. 2020-ல் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலேயே கிடந்தபோதுதான் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டினேன். கம்பி துருப்பிடித்திருந்தாலும் விரல் மறக்கவில்லை.

எங்கள் காலனியில் பொங்கல், சுதந்திர தினம் என்றால் சின்னதாக ஒரு பாட்டுக் கச்சேரி உண்டு. டீச்சரம்மா மகள் கீபோர்டு, ஒரு தம்பி பேட், இரண்டு பேர் பாட்டு, நான் கிடார். 2023 கடைசியில் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனும் கிடார் வாசிக்க வந்தான். நன்றாகவே வாசிக்கிறான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் உறுத்தியது. “அக்கா, ரெண்டு கிடார் எதுக்கு? நீங்க பேஸ் வாசிங்க. சும்மா நாலு கம்பிதானே, ஈஸி!”

சுலபமானது, மிச்சமிருப்பது எதுவோ அது நமக்கு! பெரிய துண்டு மீன் எல்லோர் தட்டுக்கும் போனபிறகு வால் துண்டு நமக்கு வருவதில்லையா, அதே கதைதான். கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அன்று இரவு பாத்திரம் துலக்கிக்கொண்டே ரேடியோவில் இளையராஜா பாட்டு கேட்டபோது, முதல் முறையாக அடியில் ஓடும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். பாடகர் ஒரு பாட்டுப் பாட, கீழே இன்னொரு பாட்டு தனியாக நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் இது காதில் விழவே இல்லையே என்று கை நின்றுவிட்டது. அவருடைய குழுவில் பேஸ் வாசித்த சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகியோர் பெயரெல்லாம் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியும். ‘சரி, வாசித்துத்தான் பார்ப்போமே’ என்று முடிவு செய்தேன்.

அடுத்தது பணம். சேலைக்கு ஃபால்ஸ் அடித்தும், பிளவுஸுக்கு ஹூக் வைத்தும் சேர்த்த பணம் 14,000 ரூபாய் சீட்டு முடிந்து கையில் இருந்தது. “அதுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வாங்கலாமேம்மா” என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வருடம்தான் 18,000 ரூபாய்க்கு போன் மாற்றியிருந்தார். யாரும் அவரிடம் கிரைண்டர் பற்றிக் கேட்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. “கிரைண்டர் ஓடுதுங்க. என் கைதான் பதினஞ்சு வருஷமா சும்மா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மலிவாக இருக்கிறதே என்று படத்தை மட்டும் பார்த்து 6,800 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்தேன். வந்ததும் பார்த்தால் கழுத்து வில் மாதிரி வளைந்திருந்தது. கம்பிக்கும் கட்டைக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது. ஃப்ரெட் ஓரமெல்லாம் தேங்காய்த் துருவி மாதிரி கையைக் கீறியது. பத்து நாள் போனில் மன்றாடி, அனுப்பிய செலவு போக மிச்சம் திரும்பக் கிடைத்தது. விலை குறைவாக வாங்குவது சிக்கனம், வாசிக்கவே முடியாததை வாங்குவது வீண்செலவு. ‘கத்துக்கத்தானே, மட்டமானதே போதும்’ என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, அது பெரிய தவறு. கை வலித்து ஒரே மாதத்தில் விட்டுவிடுவார்கள். ‘உனக்குப் பொறுமை இல்லை’ என்று பிள்ளையைத் திட்டுவோம். குற்றம் கட்டையில் இருக்கும்.

பிறகு மதுரையில் ஒரு மெல்லிசைக் கலைஞர் தம் பேஸை விற்பதாகத் தெரிந்து, கணவரோடு போனேன். இருபத்தைந்து வருடம் மேடையில் வாசித்தவர். “இப்ப எல்லாம் டிராக்கைப் போட்டுப் பாடிடறாங்க தங்கச்சி, எங்களுக்கு வேலை இல்லை” என்றார். கேட்கவே சங்கடமாக இருந்தது. ஆனாலும் விற்கும் பொருளின் குறையை மறைக்காமல், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். கிடாருக்கும் இது பொருந்தும், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், தச்சர் ரீப்பரைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் பார்க்க வேண்டும். லேசான வளைவு இருந்தால் பயமில்லை. உள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது, அதைக் கால் திருகு, கால் திருகாகச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, ‘கர்ர்’ என்ற உரசல் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு ஒரு கம்பியைச் சும்மா மீட்டி, அதையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஸ்வரம், ஒன்று மேல் ஸ்தாயி. போனில் உள்ள டியூனரில் பார்த்தால் சுருதி விலகல் தெரிந்துவிடும். திருகுகளைத் திருப்பும்போது ‘கரகர’ என்றால் பெரிய செலவில்லை, துடைத்தாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். கடைசியாக, வாரை மாட்டித் தோளில் தொங்கவிட்டு இரண்டு கையையும் எடுக்க வேண்டும். தலைப்பக்கம் தொப்பென்று கீழே சாய்ந்தால், வாசிக்கிற நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். தோள் போய்விடும்.

நான் என் தையல் டேப்பையும் எடுத்துப் போயிருந்தேன். கணவருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அளந்ததால்தான் விஷயம் புரிந்தது. கிடாரில் மேல் கட்டையிலிருந்து பாலம் வரை கம்பி சுமார் இருபத்தைந்தரை அங்குலம். பேஸில் 34 அங்குலம். முதல் கட்டம் கிடாரில் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு, பேஸில் கிட்டத்தட்ட இரண்டு. கிடாரின் தடித்த கம்பி எவ்வளவு மொத்தமோ, ஏறக்குறைய அந்த மொத்தம்தான் பேஸின் மெல்லிசான கம்பியே! நாலு கம்பியின் பெயர்கள் கிடாரின் தடித்த நாலு கம்பிக்கு உள்ளவைதான், ஈ, ஏ, டி, ஜி. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. 30 அங்குலத்தில் குட்டை பேஸும் உண்டு. சின்னக் கை உள்ளவர்களும் பிள்ளைகளும் அதைத் தேடி வாங்கலாம். கடையில் வாசித்துப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. புதிதாக 17,000 என்றார்கள். மதுரை அண்ணனுடையது 34 அங்குலம், விலை 9,000. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கழுத்து நேராக இருந்தது, மனசும் சரி என்றது. வாங்கிவிட்டேன்.

கூடவே அவர் சொன்ன இன்னொரு புத்திமதி: “கிடாருக்குன்னு இருக்கிற ஸ்பீக்கர்ல பேஸைப் போட்டுச் சத்தமா வைக்காதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்.” அதனால் காதில் மாட்டிக் கேட்கிற சின்ன ஆம்ப் ஒன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். கம்பி பழசு, சத்தம் மந்தம். புது செட் வாங்கக் கை வரவில்லை. பேஸ்காரர்களிடையே ஒரு பழைய யுக்தி உண்டு. கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக் காயவைத்தால், சுற்றுக்குள் இருக்கும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்ச் சத்தம் தெளிவாகிவிடும். கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், ஆனால் செலவில்லை. ஒதுக்கிவைத்திருந்த பழைய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தேன். மாமியார் வந்து மூடியைத் திறந்தார். “ஏம்மா, இடியாப்பமா?” என்றார். “இல்லத்தை, கிடார் கம்பி” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! அன்று சாயங்காலம் என் நாத்தனாருக்கு போன் போட்டு இந்தச் செய்தியைச் சொன்னார்.

கற்றுக்கொண்டதுதான் பெரிய கதை. கிடார் தெரிந்தவள்தானே என்ற நினைப்பில், கிடார் போலவே இரண்டு மூன்று கம்பியைச் சேர்த்து வாசித்தேன். அடி ஸ்தாயியில் அது கொழகொழவென்று களி மாதிரி கேட்டது. பேட் வாசிக்கும் தம்பிதான் சொன்னான், “அக்கா, நிறைய வாசிக்காதீங்க. என் ‘டும்’மோட வந்து சேருங்க.” ஒரு கார்டுக்கு அதன் ஆதார ஸ்வரம் ஒன்று மட்டும், தாளத்தின் முதல் அடியில். ஒரு வாரம் இது ஒன்றையே செய்தேன். கேட்டால் எளிது. செய்து பாருங்கள்! வேகமும் கூடாமல், குறையாமல், மூன்று நிமிடம் ஒரே சீராக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

இன்னொன்று, பேஸில் சத்தத்தை எழுப்புவதைப் போல அதை நிறுத்துவதும் பாதி வித்தை. தடித்த கம்பி, ஒன்றைத் தொட்டால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். வாசிக்காத கம்பிகளை வலது கட்டைவிரலாலும் இடது கை விரல்களாலும் மெல்லத் தொட்டு அடக்கி வைக்க வேண்டும். கிடாரில் எனக்கு இந்தப் பழக்கமே இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, நடந்துபோவது போல மீட்ட வேண்டும். பிக் வைத்து வாசித்தாலும் தப்பில்லை.

இரண்டாவது வாரம் விரல் நுனியில் கொப்புளம். அதோடு பச்சை மிளகாய் நறுக்கினால் எப்படி இருக்கும்! இரண்டு நாள் மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகவே தாளித்தேன். மூன்றாவது வாரம் இடது மணிக்கட்டு வலித்தது. ஸ்டைலுக்காக வாரைத் தாழ்வாகத் தொங்கவிட்டதுதான் காரணம். வாரை ஏற்றிக் கட்டினேன். ஃப்ரெட்டுக்கு நடுவில் முரட்டுத்தனமாக அழுத்தாமல், ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் லேசாக அழுத்தினாலே போதும் என்று கண்டுகொண்டேன். கீழ் ஸ்வரங்களில் நாலு விரலையும் நாலு கட்டத்துக்கு விரித்து நீட்டாமல், மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைத்து மூன்று கட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். வலி போய்விட்டது. மதியம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியபின் இரண்டரை மணியிலிருந்து இருபது நிமிடம், தினமும். அவ்வளவுதான் என் வகுப்பு. என்றைக்காவது ஸ்பீக்கர் இரவல் வாங்கி வாசித்தால், ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். “பூகம்பம் வந்திருச்சு” என்பார் மாமியார்.

கிடாரிலிருந்து பேஸுக்குப் போவது இறங்குமுகம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் கிடார்தான் வாசித்தார். 1961-ல் குழுவின் பேஸ்காரர் விலகியதும் அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு ஒரு ஹோஃப்னர் பேஸ் வாங்கினார். விலையுயர்ந்தது வாங்க வசதி இல்லை. அந்த மலிவு பேஸில்தான் உலகமே கேட்ட பாட்டுகளை வாசித்தார். 1972-ல் அது திருட்டுப் போய், 2024-ல் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். இன்னொருவர் அமெரிக்காவின் கரோல் கே. 1935-ல் பிறந்தவர், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கிடார் வாசித்த தாய். 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, இவரை வாசிக்கச் சொன்னார்கள். அதுமுதல் எத்தனையோ புகழ்பெற்ற பாட்டுகளுக்கு பேஸ் இவர்தான். 1969-ல் கற்றுக்கொள்பவர்களுக்காகப் புத்தகமும் எழுதினார். ஆனால் அந்தக் கால இசைத்தட்டு உறைகளில் இவரைப் போன்றவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. நம் ஊர் கேசட் அட்டைகளிலும் அப்படித்தானே? மும்பையின் மோகினி டே என்ற பெண், தம் அப்பாவிடம் கற்று, ரஹ்மான் மேடைகளில் பேஸ் வாசித்தவர். பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

2025 பொங்கல் விழாவில் மேடை ஏறினேன். மூன்று பாட்டு. இரண்டாவது பாட்டின் நடுவில் என் வயர் கழன்றுவிட்டது. அரை நிமிடம் பேஸ் இல்லை. பாடிய இருவரும் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கும் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. மாட்டியதும் சரியானது.

கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் பாராட்டினார். “பேஸ்ங்கறது வீட்டுப் பொம்பளை மாதிரிம்மா. இருக்கிறது தெரியாது, இல்லேன்னாதான் தெரியும்.” எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். சகோதரிகளே, இந்தப் பாராட்டை நான் ஏற்றுக்கொள்ளப்போவதில்லை. இருக்கும்போதே ஏன் தெரியக்கூடாது? இல்லாமல் போனபிறகுதான் தெரிய வேண்டும் என்றால், நாம் காய்ச்சலில் படுத்தால்தான் நம் அருமை தெரியும் என்று காத்திருக்க வேண்டுமா? பேஸ் வாசிக்கிறவருக்கு அது அழகில்லை. ஒரே கார்டுக்கு அடியில் பேஸ் வேறு ஸ்வரத்தை வைத்தால், பாட்டின் முகமே மாறிவிடும். அதாவது பேஸ் தாங்குவது மட்டும் இல்லை, எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்வதும் அதுதான். நம் வீடுகளிலும் அப்படித்தானே? முடிவெடுப்பது நாம், கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டியதும் நாம் என்றால் என்ன நியாயம்?

இன்னொரு விஷயம். அன்று அறிவிப்பாளர் “கிடார்” என்று அந்தப் பையன் பெயரையும், “கீபோர்டு” என்று டீச்சரம்மா மகள் பெயரையும் வாசித்துவிட்டு, “மற்றும் குழுவினர்” என்று முடித்துவிட்டார். நான் ‘மற்றும் குழுவினர்’! 2025 சுதந்திர தின விழாவுக்கு முன்னால் கமிட்டிக்குப் போய்ப் பணிவாகவே கேட்டேன். “பேட் தம்பி பெயரும் என் பெயரும் வரணும், வாத்தியத்தோட வரணும்.” ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அன்று மைக்கில் என் பெயரும், ‘பேஸ் கிடார்’ என்ற வார்த்தையும் சேர்ந்து வந்தபோது மாமியார் முன்வரிசையில் இருந்தார். பக்கத்திலிருந்த அம்மாளிடம் என்ன சொன்னார் தெரியுமா? “அந்தக் கம்பியை எங்க வீட்டு அடுப்புலதான் வேகவெச்சா.” கோபமா, பெருமையா, இன்றுவரை கேட்கவில்லை.

அந்தக் கல்லூரிப் பையனிடம் ஒரு நாள் பேஸைக் கொடுத்து, “வாசிப்பா, நாலு கம்பிதானே” என்றேன். ஐந்து நிமிடத்தில் விரலை உதறிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது மரியாதையாக இருக்கிறான்.

தோழிகளே, எல்லோரும் பேஸ் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஹார்மோனியமோ, வீணையோ, தைத்து முடிக்காத எம்பிராய்டரியோ இருக்கலாம். உங்கள் கையால் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை உங்களுக்கென்று செலவழிக்க யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். மலிவாக வாங்குங்கள், ஆனால் மட்டமானதை வாங்காதீர்கள். மிச்சமிருப்பதைத்தான் நமக்குக் கொடுத்தார்கள் என்றாலும், அதை நன்றாகக் கற்றுக்கொண்டு நம்முடையதாக்கிக்கொள்ளலாம். பிறகு பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

மாமியாரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டதால் இந்தக் கடிதத்தில் மட்டும் என் பெயரைப் போடவில்லை. மேடையில் விடமாட்டேன்!

— பேஸ் கிடார் வாசிக்கும் ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.